வாசகர் கேள்வி – பதில்: ஒஸ்லோவில் ஒரு மாணவரின் நாள்கள்

வெளிநாட்டில் உயர்கல்வி பற்றிய கேள்விகளை அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பகுதி நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவைப் பற்றியதாகவே இருந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த காலத்தில் நோர்வேத் தூதுக்குழுவினர் கிளிநொச்சிக்கு வந்து போனதைக் கண்ட தலைமுறைக்கு அந்த நாட்டின் பெயர் புதிதல்ல. அவர்களுடைய பிள்ளைகள் இன்று அந்த நாட்டில் படிக்கலாமா என்று கேட்கிறார்கள். நான் 2017 முதல் 2019 வரை ஒஸ்லோவில் முதுமாணிப் படிப்பை முடித்துவிட்டுத் திரும்பிவந்து, இப்போது கிளிநொச்சியில் கற்பிக்கிறேன். நேரில் பட்டறிந்ததையும் உறுதியாகத் தெரிந்ததையும் வைத்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் ஒஸ்லோவில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பிக்க இருக்கிறான். இரணைமடுக் குளத்தின் கீழுள்ள எங்கள் வயலை ஈடுவைத்து, நகைகளையும் அடகுவைத்து முதலாண்டுச் செலவைக் கட்டிவிட்டால், பிறகு அவன் பகுதிநேர வேலை செய்து எல்லாவற்றையும் மீட்டுவிடுவான் என்று ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா?
– முரசுமோட்டையிலிருந்து ஒரு தாய்

பதில்: அம்மா, தயவுசெய்து நம்ப வேண்டாம். இந்த இதழுக்கு வந்த கடிதங்களுள் என்னை உறங்கவிடாமல் செய்தது உங்களுடைய கடிதம்தான்.

நான் படித்த காலத்தில் நோர்வேயின் அரச பல்கலைக்கழகங்களில் எந்த நாட்டு மாணவரிடமும் கல்விக் கட்டணம் வாங்கவில்லை. பருவத்துக்கு ஒருமுறை மாணவர் நலன்புரி அமைப்புக்கென ஒரு சிறு தொகை மட்டுமே கட்டினோம். 2023ஆம் ஆண்டு இலையுதிர்காலம் முதல் அந்த நிலைமை மாறிவிட்டது. ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவர்கள் கட்டணம் செலுத்தியே படிக்க வேண்டும். ஆய்வுகூடம் தேவைப்படும் பாடங்களுக்கு அது இன்னும் அதிகம். (டென்மார்க் 2006இலும் சுவீடன் 2011இலும் இதே முடிவை எடுத்துவிட்டன, ஆகவே கொப்பன்ஹேகனுக்கோ ஸ்டொக்ஹோமுக்கோ போனால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம்.) இதற்கு மேலதிகமாக, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு என்று அந்நாட்டுக் குடிவரவு நிர்வாகம் ஆண்டுதோறும் நிர்ணயிக்கும் தொகை கையில் இருப்பதைக் காட்டினால்தான் மாணவர் வதிவிட அனுமதி கிடைக்கும்.

இனி அந்தப் பகுதிநேர வேலைக்கு வருவோம். மாணவர் அனுமதியில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை வேலை செய்யலாம்; விடுமுறைக் காலத்தில் முழுநேரமும் செய்யலாம். இவ்வளவும் உண்மைதான், முகவரும் இதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் நோர்வேஜிய மொழி தெரியாத ஒருவருக்குக் கிடைக்கக்கூடியவை துப்புரவு வேலை, உணவகத்தின் பின்புறத்தில் பாத்திரம் கழுவும் வேலை, விடியற்காலையில் பத்திரிகை போடும் வேலை போன்றவையே. அவையும் போய் இறங்கிய மாதத்திலேயே கிடைப்பதில்லை; எனக்கு முதல் வேலை கிடைக்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த உழைப்பு அறை வாடகைக்கும் அரிசி பருப்புக்கும் உதவும். கட்டணத்தைக் கட்டவும் வயலை மீட்கவும் அது போதவே போதாது. போதாததால் பிள்ளை அனுமதித்த நேரத்துக்கு மேல் ஒளித்து வேலை செய்யத் தொடங்குவான், பாடங்களில் பின்தங்குவான், அனுமதியைப் புதுப்பிக்கும்போது படிப்பில் போதிய முன்னேற்றம் இல்லை என்று நிராகரிக்கப்படுவான். இப்படி முடிந்த ஒரு பிள்ளையை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஊரில் அவனுடைய தகப்பன் வட்டி கட்டிக்கொண்டிருந்தார் என்பதை அவன் கடைசி வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

வேறு வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணித் திட்டங்களின் புலமைப்பரிசில் கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்றுக்கொள்கிறது. அந்தத் திட்டங்கள் சிலவற்றில் ஸ்கண்டிநேவியப் பல்கலைக்கழகங்களும் பங்காளிகள். மகன் ஆய்வில் நாட்டமுள்ளவனானால், இங்கேயே முதுமாணியை முடித்துவிட்டு நோர்வேயில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே கலாநிதிப் பட்ட ஆய்வாளர் மாணவராக அன்றி ஊழியராகவே நியமிக்கப்படுகிறார். மாதச் சம்பளம் உண்டு. போட்டி கடுமை, ஆனால் வயல் உங்களிடமே இருக்கும்.

இன்னொன்று: கொழும்பில் இருந்த நோர்வேத் தூதரகம் 2023இல் மூடப்பட்டுவிட்டது, புதுடில்லியிலுள்ள தூதரகமே இலங்கையையும் கவனிக்கிறது. விண்ணப்பத்தை மகனே இணையத்தில் நிரப்பலாம். "எனக்கு உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்கிறவருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எனக்குப் புலமைப்பரிசில் கிடைத்துவிட்டது. ஓகஸ்ட் மாதம் பயணம். போய் இறங்கியதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?
– மாங்குளத்திலிருந்து ஒரு மாணவி

பதில்: வாழ்த்துகள் தங்கச்சி. முதல் மாதம் முழுவதும் ஓர் இலக்கத்துக்காகக் காத்திருக்கும் மாதம் என்று மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். நாட்டுக்குள் வந்து ஒரு கிழமைக்குள் பொலிஸாரிடம் நேரம் குறித்துக்கொண்டு, வதிவிட அட்டைக்காகக் கைவிரல் அடையாளமும் படமும் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குபவர் வரித் திணைக்களத்துக்குப் போய்க் குடிசனப் பதிவேட்டில் பதிய வேண்டும். அதன் பிறகுதான் 11 இலக்கங்களைக் கொண்ட அடையாள எண் வரும். அதன் முதல் ஆறு இலக்கங்கள் உங்கள் பிறந்த திகதி. வங்கிக் கணக்கு, வங்கி வழங்கும் மின்னடையாளம், கைத்தொலைபேசியில் பணம் அனுப்பும் வசதி, குடும்ப வைத்தியர் ஆகிய எல்லாமே அந்த எண்ணைத் தொடர்ந்தே வரும். வேலைக்குச் சேர முன்னர் வரி அட்டையும் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் சம்பளத்தில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள்.

அங்கே காசுத் தாளை நீட்டும் வழக்கம் ஏறக்குறைய இல்லாமற் போய்விட்டது. ஆகவே முதல் ஆறு கிழமைக்கு வெளிநாட்டில் வேலை செய்யும் வங்கி அட்டை ஒன்று கட்டாயம் கையில் இருக்கட்டும். பேருந்து, டிராம், நிலக்கீழ் ரயில் மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டுத்தான். மாணவருக்குச் சலுகை விலையில் மாதச் சீட்டு உண்டு. ரயில் நிலையத்தில் மறிக்கும் கதவோ காவலரோ இல்லாததைக் கண்டு சீட்டு எடுக்காமல் ஏறிவிடாதீர்கள். பரிசோதகர் வந்தால் தண்டப் பணம் பெரிது. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். நகரின் வடக்கே உள்ள மரிடால் ஏரியிலிருந்து வரும் அந்தத் தண்ணீரின் ருசி எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவசர அழைப்புக்கான இலக்கங்கள் மூன்று: தீயணைப்பு 110, பொலிஸ் 112, அம்புலன்ஸ் 113.

குளிர் உடுப்புகளைக் கொழும்பில் வாங்கிச் சுமக்க வேண்டாம். உடலோடு ஒட்டிக்கிடக்கும் மெல்லிய கம்பளி உள்ளுடுப்பு இரண்டு சோடியை அங்கே வாங்குங்கள்.

கேள்வி: அங்கே மாதக்கணக்கில் இருட்டாக இருக்கும் என்றும், பலருக்கு மனம் உடைந்துவிடும் என்றும் கேள்விப்பட்டேன். என் அண்ணா அங்கே படிக்கிறார். கார்த்திகை பிறந்ததிலிருந்து சரியாகக் கதைப்பதே இல்லை. உண்மையில் அங்கே எப்படி இருக்கும்?
– முள்ளியவளையிலிருந்து ஒரு தங்கை

பதில்: நமக்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான வேறுபாடுதான். மார்கழியானாலும் ஆனியானாலும் ஆறு, ஆறரைக்கு விடிந்துவிடும் என்ற நம்பிக்கையிலேயே நம்முடைய உடம்பு வளர்ந்திருக்கிறது. ஒஸ்லோவில் டிசெம்பர் 21ஆம் திகதி அளவில் சூரியன் காலை ஒன்பதேகாலுக்குப் பின்னரே உதித்து, பிற்பகல் மூன்றேகாலுக்கு முன்னரே மறைந்துவிடும். உதித்தாலும் தலைக்கு மேலே வராது; கூரைகளின் விளிம்பை ஒட்டியே நடந்துபோய்விடும். எட்டேகால் மணி வகுப்புக்கு இருட்டில் போய், நான்கு மணிக்கு இருட்டில் திரும்பி வருவோம்.

இருட்டைவிட, அந்த இருட்டுக்குள் யாரும் நம்மைத் தேடி வராததே பெரிய வேதனை. நம் ஊரில் இரண்டு நாள் வெளியே தலைகாட்டாவிட்டால் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "என்ன பிள்ளை, சுகமில்லையோ?" என்று ஒரு குரல் வரும். அங்கே அப்படிக் கேட்பது பிறருடைய தனிமைக்குள் நுழைவதாகும் என்று நினைத்து, மரியாதையின் பொருட்டே பேசாமல் இருப்பார்கள். என்னுடைய முதல் நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அறைக்குள் போனவன் திங்கட்கிழமை காலை வரை ஒருவரோடும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. திங்கட்கிழமை கடையில் "நன்றி" சொல்ல வாய் திறந்தபோது குரல் அடைத்திருந்தது. அம்மா தொலைபேசியில் எடுத்தபோதெல்லாம் "படிப்பு அதிகம்" என்று வைத்துவிட்டேன். உங்கள் அண்ணாவும் இதைத்தான் செய்கிறாரோ என்று எனக்குத் தோன்றுகிறது.

எனக்கு உதவியவற்றைச் சொல்கிறேன். குளிர்காலத்தில் வைற்றமின் டி எடுத்துக்கொள்வது அவசியம். கறுத்த தோலில் அந்த வெயிலால் அது போதுமானளவு உருவாகாது. அந்நாட்டவரே சிறு வயதிலிருந்து கரண்டியில் ஊற்றிக் குடிக்கும் கொட் மீன் ஈரல் எண்ணெய் மலிவாகக் கிடைக்கும். அடுத்தது, பகலில் எப்படியாவது வெளியே போவது. நான் இருந்த மாணவர் குடியிருப்பு கிரிங்ஷோ என்ற இடத்தில், நிலக்கீழ் ரயில் பாதை முடிவதற்கு ஒரு தரிப்பிடம் முன்னால் இருந்தது. பக்கத்திலேயே சொங்ஸ்வான் ஏரி. அதைச் சுற்றி வர மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல். குளிர் முற்றியதும் ஏரி உறைந்து, அதன் மேலேயே மக்கள் நடப்பார்கள். மதியம் பன்னிரண்டு மணிக்கு அந்த ஏரியைச் சுற்றும் பழக்கத்தை ஜனவரியில்தான் தொடங்கினேன். முன்பே தொடங்கியிருக்க வேண்டும். தெருவில் உருகி மீண்டும் உறைந்த பனி கண்ணாடி போலக் கிடக்கும். சப்பாத்துக்கு அடியில் மாட்டும் சிறு ஆணிப் பட்டியை வாங்காமல் ஒரு நாள் விழுந்து மணிக்கட்டு வீங்கி மூன்று கிழமை எழுத முடியாமற் போனேன். அதை அண்ணா வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். உடுப்பில் தொங்கவிடும், வாகன வெளிச்சத்தில் பளிச்சிடும் சிறு தகட்டையும் கேளுங்கள். அங்கே பெரியவர்களும் அதை அணிவார்கள்.

மாணவர் நலன்புரி அமைப்பில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவது அங்கே பல் வைத்தியரிடம் போவது போல இயல்பான ஒன்று. நான் போனேன். அண்ணாவிடம் "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்காதீர்கள், "நல்லா இருக்கிறேன்" என்றுதான் பதில் வரும். "இண்டைக்கு யாரோடு சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள்.

பெப்ரவரியில் ஒரு நாள் வகுப்பு முடிந்து வரும்போது வெளிச்சம் இன்னும் இருப்பதைக் காண்பார். ஜூன் மாதத்தில் சூரியன் காலை நான்கு மணிக்கு முன்னரே உதித்து இரவு பத்தரைக்குப் பின்னரே மறையும்; அப்போது உறங்குவதற்குக் கறுப்புத் திரை தேவைப்படும்.

கேள்வி: சோறு கிடைக்குமா? என் மகனுக்குப் பாண் சாப்பிட்டால் வயிறு நிறையாது.
– நெடுங்கேணியிலிருந்து ஒரு தந்தை

பதில்: ஐயா, தாராளமாகக் கிடைக்கும். ஒஸ்லோ நகர நடுவின் கிழக்குப் பக்கத்தில் குறொன்லாண்ட் என்ற பகுதி இருக்கிறது. அங்குள்ள வெளிநாட்டவர் கடைகளில் அரிசி, பருப்பு, கறிவேப்பிலை, உறையவைத்த தேங்காய்ப்பூ, முருங்கைக்காய் வரை வாங்கலாம். வெளியே வாங்கிச் சாப்பிடுவதுதான் கட்டுப்படியாகாது. ஆகவே மகன் இப்போதே சமைக்கப் பழகட்டும். மதியத்தில் வகுப்பில் எல்லாரும் வீட்டிலிருந்து கட்டிவந்த பாண் துண்டுகளையே சாப்பிடுவார்கள். துண்டுகள் ஒட்டாமலிருக்க இடையில் மெல்லிய தாள் வைத்து, மேலே பழுப்பு நிறத்தில் இனிப்பாக இருக்கும் பாற்கட்டியைச் சீவி வைத்திருப்பார்கள். இரவுச் சாப்பாட்டைப் பின்னேரம் நான்கு, ஐந்து மணிக்கே முடித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் பூட்டு. சனிக்கிழமையே வாங்கி வைத்துவிட வேண்டும்.

செத்தல் மிளகாயை மட்டும் அங்கே வறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சம்பலுக்காக நான் வறுத்த ஒரு பிடி மிளகாயின் புகையில் எச்சரிக்கை மணி அலறி, முழுக் கட்டடமும் இரவு ஒன்பது மணிக்குப் பனிக்குள் இறங்கி நின்றது. ஒரு பிள்ளை ஈரத் தலையோடு நின்றாள். அன்று நான் பட்ட மனவருத்தம் பெரிது. தூளை வீட்டிலேயே வறுத்து அரைத்துக் கொடுத்தனுப்புங்கள். இறைச்சியோ பாலோ சேர்ந்த உணவுகளைக் கொண்டுபோக அனுமதி இல்லை.

கேள்வி: அங்கே பேராசிரியர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்களாமே? வகுப்பு எப்படி நடக்கும்?
– அறிவியல்நகரிலிருந்து ஒரு விவசாய பீட மாணவன்

பதில்: உண்மைதான் தம்பி. "சேர்" என்று அழைத்தால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். இளமாணிப் படிப்புகள் பெரும்பாலும் நோர்வேஜிய மொழியிலும் முதுமாணிப் படிப்புகள் பல ஆங்கிலத்திலும் நடக்கின்றன. ஓராண்டுக்கு 60 திறமைப் புள்ளிகள். பெறுபேறு ஏ முதல் எஃப் வரை. விடைத்தாளில் பெயர் இராது, இலக்கம் மட்டுமே இருக்கும். விரிவுரை நேரம் குறைவு. வாசிக்க வேண்டியது மலையளவு. 1811இல் தொடங்கப்பட்ட ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் பிளிண்டேர்ன் வளாக நூலகத்திலேயே என் நாள்களில் பாதி கழிந்தது. துறைமுகப் பக்கத்தில் 2020இல் திறக்கப்பட்ட நகரப் பொது நூலகத்துக்குள்ளும் யாரும் எந்தக் கேள்வியுமின்றிப் போய் அமர்ந்து படிக்கலாம்.

உனக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கேட்டால் மட்டும் வாய் திறப்பது ஒழுக்கம் என்று நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். அந்த ஒழுக்கத்தோடு நான் ஒரு பருவம் முழுவதும் கருத்தரங்கு வகுப்பில் பேசாமல் இருந்தேன். பருவ முடிவில் என் மேற்பார்வையாளர், "உங்களுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்திருந்தேன்" என்றார். விளங்காதவை ஏராளமாக இருந்தன. அங்கே மௌனத்தை மரியாதையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எந்த உதவியும் தேவையில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். பாடமானாலும் அறையில் வெப்பமூட்டி பழுதானாலும் தனிமையானாலும், நீயாகவே ஒரு மின்னஞ்சலில் கேட்க வேண்டும். கேட்டால் மறுநாளே செய்து தருவார்கள்.

கேள்வி: பெண்பிள்ளையைத் தனியே அனுப்பப் பயமாக இருக்கிறது. அங்கே நம்மட ஆட்கள் இருக்கிறார்களா?
– புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு பேத்தியின் அம்மம்மா

பதில்: நிறைய இருக்கிறார்கள், அம்மம்மா. 1956இல் குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் நோர்வேக்குப் போனார். அவரைத் தொடர்ந்து அந்நாட்டின் மக்கள் உயர்கல்லூரிகளில் படிக்கவென்று இளைஞர்கள் போனார்கள். போர் மூண்டபின் ஏதிலிகளாகப் பலர் போனார்கள். வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் கைவிரல் விறைக்க வேலை செய்து பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள் அவர்கள். 1988இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சாயினி குணரட்ணம் 2015இல் ஒஸ்லோவின் துணை நகர முதல்வரானார். 2021இல் நாடாளுமன்றத்துக்கும் தெரிவானார். நகரின் வடகிழக்கே குரூருட் பள்ளத்தாக்குப் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம். அம்மெருட் என்ற இடத்தில் முருகன் கோயில் இருக்கிறது. வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்புகள் நடக்கின்றன.

பேத்தி இரவில் ரயிலில் தனியே வருவதைப் பற்றி நீங்கள் பயப்படத் தேவையில்லை. என்னோடு படித்த பெண்கள் நூலகத்திலிருந்து பத்து மணிக்கும் வந்தார்கள். ஆனால் பேத்தி தமிழர் வீடுகளோடு மட்டும் நின்றுவிடக் கூடாது என்பது என் விருப்பம். வசந்தகாலத்தில் குடியிருப்புக்காரர் எல்லாரும் ஒன்றுகூடி முற்றம் கூட்டி, சருகு அள்ளி, வேலிக்கு வர்ணம் பூசும் வழக்கம் அங்கே உண்டு. நம் ஊர்ச் சிரமதானம்தான். வகுப்பறையில் ஓராண்டாக முகம் நிமிர்த்தாதவர்கள், கையில் ஒரு விளக்குமாற்றைக் கொடுத்துவிட்டால் மனம்விட்டுக் கதைப்பார்கள். அதற்குப் பேத்தியை மறக்காமல் போகச் சொல்லுங்கள். எனக்கு அங்கே கிடைத்த மிக நெருங்கிய நண்பன் அப்படி ஒரு சனிக்கிழமை சருகு அள்ளும்போது கிடைத்தவன். சாக்கின் ஒரு முனையை அவனும் மறுமுனையை நானும் பிடித்திருந்தோம்.

கேள்வி: எந்த நேரத்தில் தொலைபேசி எடுத்தால் பிள்ளைக்கு இடைஞ்சல் இராது?
– பூநகரியிலிருந்து ஒரு தாய்

பதில்: குளிர்காலத்தில் நாம் நாலரை மணித்தியாலமும் கோடையில் மூன்றரை மணித்தியாலமும் முன்னால் இருக்கிறோம், மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே மணிக்கூட்டை மாற்றுவார்கள். குளிர்காலத்தில் இங்கே இரவு ஒன்பது மணிக்கு எடுங்கள். அப்போது அங்கே பின்னேரம் நாலரை; வெளியே இருட்டியிருக்கும், பிள்ளை வகுப்பால் வந்து அடுப்பில் சோறு வைத்திருப்பான். தொலைபேசியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைக்கச் சொல்லுங்கள். நீங்கள் இங்கே உங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருங்கள். அரை மணித்தியாலம் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காவிட்டாலும் பரவாயில்லை.